குழாய் ரேடியோ பாடாத சித்திரை: மைக்செட் ரசிகர்கள் இணையத்தில் கூடியது எப்படி, நிலைத்தது எதனால்?

வேப்பமரக் கிளையில் கட்டிய குழாய். கீழே கயிற்றுக் கட்டிலின் மேல் ஒரு ரெக்கார்டு பிளேயர். கை ஒன்று ஊசியை மெதுவாகத் தட்டில் இறக்குகிறது. நாலைந்து விநாடி சரசரப்பு. பிறகு சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து இப்படிப்பட்ட வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு மூன்று குழப்பங்கள் வருகின்றன. போலீஸ் வேண்டாம் என்று சொல்லும் குழாயை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? இசைத்தட்டுக் காலம் முடிந்தபின் பிறந்த பையன்களுக்கு இதில் என்ன ஈடுபாடு? கோயில் திருவிழாவில் யாரும் கேள்வி கேட்காத பாட்டு, வீடியோவில் மட்டும் ஏன் பாதியில் ஊமையாகிறது?

மூன்றுக்குமான விடை 2020, 2021 ஊரடங்கு மாதங்களில் இருக்கிறது. அதற்கு முன்பு உதிரியாக இருந்த ஆட்கள் ஒரு கூட்டமானது அப்போதுதான்.

முதலில் சொற்கள்

மைக்செட் என்பது விசேஷ வீட்டுக்கோ கோயிலுக்கோ வாடகைக்கு வரும் ஒலிபெருக்கிச் சாமான் மொத்தமும்: ஆம்ப்ளிஃபையர், மைக், வயர், ரெக்கார்டு பிளேயர், குழாய்கள். சில ஊர்களில் ரேடியோ செட் என்பார்கள். வானொலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

குழாய் என்பது கூம்பு வடிவ ஒலிபெருக்கி. அதன் பின்பக்கம் திருகி மாட்டும் உருண்டைப் பகுதிதான் யூனிட். சத்தம் பிறப்பது யூனிட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வில். கூம்பின் வேலை அந்தச் சத்தத்தை ஒரே திசையில் தூரமாகக் கொண்டுபோவது. பின்னாளில் குழாயின் இடத்துக்கு வந்த பெட்டி ஒலிபெருக்கியைப் பாக்ஸ் என்கிறோம்.

தட்டு மூன்று வகை. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு. 45 சுற்றுச் சின்னத் தட்டு. 33⅓ சுற்று எல்.பி.; பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும்.

துணைப் பண்பாடு என்ற சொல்லையும் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒரே பொருளை விரும்பும் நூறு பேர் ரசிகர்கள், அவ்வளவுதான். அந்த நூறு பேருக்குள் தனிப்பேச்சு, தனி மரியாதை, எது சரி எது தப்பு என்ற தனிக்கணக்கு உருவாகும்போதுதான் அது துணைப் பண்பாடு. குழாயைக் கிழக்குப் பார்த்துக் கட்டுவதா கோயிலைப் பார்த்துக் கட்டுவதா, முதல் பாட்டு எது, பொண்ணு மாப்பிள்ளை மணவறையில் உட்காரும்போது எந்தப் பாட்டு போடவே கூடாது என்றெல்லாம் மைக்செட்காரர்களிடையே எப்போதும் கணக்கு இருந்தது. அது தொழிலாளிகளின் கணக்கு. ஊரடங்கில் அது ரசிகர்களுக்கும் வந்து சேர்ந்தது.

ஊரடங்கு எதை நிறுத்தியது

2020 மார்ச் 25 அன்று நாடு முழுதும் ஊரடங்கு தொடங்கியது. மைக்செட் தொழிலுக்கு இதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும்தான் பொங்கல் சாட்டு, முளைப்பாரி, கல்யாணம், காதுகுத்து என்று சாமான் குடோனுக்குத் திரும்பாமல் ஊர் ஊராகச் சுற்றும் மாதங்கள். மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. மக்கள் அதைத் திரையில் பார்த்துத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அழகர் வைகையில் இறங்கவில்லை. ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சிக்கும் சுற்றியுள்ள ஒன்றியங்களுக்கும் தனியாக முழு ஊரடங்கு வந்தது. கல்யாணத்துக்கு 50 பேர், சாவுக்கு 20 பேர் என்றானபின் மைக்செட் சொல்ல யாருக்கும் தேவையிருக்கவில்லை. அடுத்த ஆண்டும் அழகர் வைகைக்கு வரவில்லை. 2021 மே 10 முதல் மறுபடி முழு ஊரடங்கு.

இதில் வருமானம் போனது வெளிப்படையாகத் தெரிந்த இழப்பு. அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. குழாய்ச் சத்தம் கிராமத்தில் நாட்காட்டி மாதிரி வேலை செய்தது. விடியலில் பக்திப் பாட்டு கேட்டால் பக்கத்து ஊரில் சாமி கும்பிடுகிறார்கள். பத்து மணிக்குப் பழைய டூயட் கேட்டால் கல்யாண வீடு. மத்தியானம் மொய் வாசிப்பு கேட்டால் பந்தி நடக்கிறது. அந்தச் சத்தம் நின்றபோதுதான், தான் அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்திருப்பது பலருக்கு உறைத்தது. திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி வீட்டுக்குள் அடைந்திருந்த பையன்கள் இதில் முக்கியம். அவர்களிடம் போன் இருந்தது, நேரம் இருந்தது. மைக்செட்காரரிடம் சாமான் இருந்தது, பாட வைக்க விசேஷம் இல்லை. இந்த இரண்டு தரப்பும் சந்தித்ததே இந்தச் சமூகத்தின் தொடக்கம்.

குழாய்ச் சத்தம் போனில் எடுபடுவது ஏன்

இது தற்செயல் இல்லை. ஒலியியல் காரணம் இருக்கிறது.

1. குழாய் அடிச்சத்தத்தைத் தராது. கூம்பின் அளவும் சவ்வின் அளவும் அதற்கு இடம் கொடுக்காது. மிகக் கீச்சென்ற சத்தமும் மங்கிவிடும். மனிதக் குரல் இருக்கும் நடுப்பகுதி மட்டும் ஓங்கி வரும்.

2. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கருக்கும் அதே குறை, அதே பலம். அதுவும் நடுப்பகுதியைத்தான் நன்றாகத் தரும்.

3. ஆகவே பாக்ஸ் சத்தத்தைப் போனில் பதிந்து போனில் கேட்டால் அதன் உயிரான 'தும்' போய்விடும். குழாய்ச் சத்தத்தில் போவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. காதுக்கு ஏறக்குறைய ஊரில் கேட்ட அதே சத்தம் வந்து சேர்கிறது.

சவூதியில் வேலை செய்பவர் ஹெட்செட் இல்லாமல் போனைக் காதோரம் வைத்துக் கேட்டுக் கண் கலங்குகிறார் என்றால் அதற்கு நினைவு மட்டும் காரணமில்லை. வீடியோ எடுப்பவர்கள் இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள்: குழாய்க்கு நேர் எதிரே போனை வைத்தால் சத்தம் பிளந்துவிடும், ஐம்பதடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நின்றால் எதிரொலியும் காற்றும் சேர்ந்து 'பக்கத்து ஊர்ச் சத்தம்' கிடைக்கும். அந்தத் தூரத்துச் சத்தம் கொண்ட பதிவுகளே அதிகம் பகிரப்பட்டன.

எந்தச் செயலி எதற்கு உதவியது

வாட்ஸ்அப்தான் அடித்தளம். அன்றைக்கு ஒரு குழுவில் 256 பேர்தான் இருக்க முடியும். 512 ஆனதே 2022-இல்தான். இந்த எல்லை நன்மையாகவே முடிந்தது என்பது என் கணிப்பு. ஒரு குழு நிரம்பியதும் ஊர்வாரியாகவோ வேலைவாரியாகவோ அடுத்த குழு பிரிந்தது. தட்டு சேகரிப்பவர்கள் ஒரு பக்கம், ஆம்ப் பழுது பார்ப்பவர்கள் ஒரு பக்கம். இருநூற்றைம்பது பேருக்குள் யார் யார் என்பது தெரியும். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள்.

டிக்டாக்கில் குழாய் வீடியோக்கள் வேகமாகப் பரவின. 2020 ஜூன் 29 அன்று அது தடை செய்யப்பட்டபோது, வேறெங்கும் சேமிக்காதவர்களின் பதிவுகள் ஒரே ராத்திரியில் கைவிட்டுப் போயின. ஒரு கூட்டம் தன் நினைவை முழுதாக ஒரே செயலியிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை.

வீடியோ அழைப்பில் பாட்டுப் போட்டுக் கேட்கும் முயற்சிகள் பெரும்பாலும் தோற்றன. காரணம் தெரியாமல் பலர் தங்கள் பிளேயரைச் சந்தேகப்பட்டார்கள். இந்தச் செயலிகள் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பேச்சு அல்லாததை இரைச்சல் என்று கணித்து அமுக்கிவிடும். எனவே தட்டில் பாட்டு ஓடும்போது பாடகர் குரல் வரும். அவர் மூச்சு விடும் இடத்தில் வரும் வயலின் கூட்டம் தண்ணீருக்குள் மூழ்கியதுபோல் காணாமல் போகும். பல்லவி திரும்பும்போது குரல் மறுபடி மேலே வரும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பை இயக்கினால் இந்த அமுக்கல் நிற்கும். அந்த ஒரு தகவல் குழுக்களில் கைமாறிய பிறகே கூட்டாகக் கேட்பது சாத்தியமானது. இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். எல்.பி. தட்டின் இரண்டு பக்கத்துக்கு அது கிட்டத்தட்டச் சரியாக இருந்தது.

2021 மே மாதம், குரலால் மட்டும் கூடிப் பேசும் கிளப்ஹவுஸ் செயலி ஆண்ட்ராய்டு போன்களுக்கு வந்தது. இரண்டாம் அலை ஊரடங்கின் நடுவில் வந்ததால் பேச்சுக்கு அது பொருத்தமாக அமைந்தது. வயதான மைக்செட்காரர்கள் தட்டச்சு செய்ய மாட்டார்கள், கேமரா முன் கூச்சப்படுவார்கள், ஆனால் பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவார்கள். அன்று பேசியதில் பெரும்பகுதி பதிவாகவில்லை என்பது வருத்தம்.

பாட்டு ஏன் ஊமையாகிறது

அதிகம் குழப்பம் இருப்பது இங்கேதான். "இருபது வருஷமா அம்மன் கோயில்ல போடுறேன், ஒருத்தரும் கேக்கல; யூடியூப்ல போட்டா மட்டும் கேஸா?" என்ற கேள்வி நியாயமானது. விடையைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆவது பிரிவு, மெய்யான மதச் சடங்கின்போது பாட்டை ஒலிபரப்புவதை உரிமை மீறல் அல்ல என்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களும் இதில் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. எனவே அம்மன் கோயிலில் தட்டுப் போட்டவர் தவறு செய்யவில்லை.

2. அந்த விலக்கு சடங்குக்கு உரியது, தட்டுக்கு உரியது அல்ல. அதே தட்டை மொட்டை மாடியில் போட்டு, படம் பிடித்து, உலகம் பார்க்க ஏற்றும்போது சடங்கு அங்கே இல்லை. தட்டு நம் சொந்தக் காசில் வாங்கியது என்பதும் உதவாது. வாங்கியது தட்டை, பாட்டின் உரிமையை அல்ல.

3. யூடியூப் ஏற்றப்படும் ஒவ்வொரு வீடியோவின் ஒலியையும் உரிமையாளர்கள் கொடுத்திருக்கும் பதிவுகளோடு கணினியால் ஒப்பிடுகிறது. கண்டென்ட் ஐடி என்பது இதுதான். ஊசிச் சரசரப்பும் காக்கைச் சத்தமும் கலந்திருந்தாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும்.

4. கண்டுபிடித்தால் வருவது 'கிளெய்ம்'. உரிமையாளர் விருப்பப்படி வீடியோவை மறைக்கலாம், அல்லது விளம்பர வருமானத்தை அவர் எடுத்துக்கொண்டு வீடியோவை ஓட விடலாம். சேனலுக்கு இதனால் ஆபத்து இல்லை. உரிமையாளரே எழுத்துப்பூர்வமாக நீக்கச் சொன்னால் வருவது 'ஸ்டிரைக்'. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, வெறும் கிளெய்முக்குப் பயந்து நல்ல பதிவுகளை அழித்தவர்கள் நிறைய.

5. பழைய பாட்டு என்றால் உரிமை முடிந்திருக்காதா? ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960-இல் வெளியான பதிவின் உரிமை 2020 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் தனித்தனி உரிமை உண்டு. எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டு ஓடும். கண்ணதாசன் 1981-இல் காலமானார். அவர் வரிகளுக்கு 2041 வரை காலம் இருக்கிறது. ஒரு தட்டுக்குள் மூன்று கடிகாரம் ஓடுகிறது.

இதைப் புரிந்துகொண்ட குழுக்கள் வழியை மாற்றின. பாட்டை முழுதாகப் போடுவதை விட்டுவிட்டு, குழாய் கட்டுவது, யூனிட் பிரிப்பது, தட்டின் உறை, ஊசி இறங்கும் நொடி என்று சாமானைக் காட்டத் தொடங்கின. அந்தக் கட்டாயம்தான் பாட்டு ரசிகர்களாக இருந்தவர்களைச் சாமான் அறிந்தவர்களாக்கியது என்று நினைக்கிறேன். இளைஞர்களின் ஈடுபாட்டுக்கு இது பாதி விளக்கம். மீதி அடுத்த பகுதியில்.

நிலைத்த குழுக்களும் உதிர்ந்த குழுக்களும்

ஊரடங்கின் முதல் மாதத்தில் தொடங்கிய குழுக்களில் பல, காலை வணக்கம், ஒரு பாட்டு, நாற்பது கைதட்டல் என்று ஓடி, மூன்று மாதத்தில் சத்தமில்லாமல் போயின. நிலைத்தவற்றில் பொதுவாக ஒன்று தெரிகிறது: அங்கே செய்ய வேலை இருந்தது.

தட்டை அடையாளம் காண்பது முதல் வேலை. பல தட்டுகளில் லேபிள் கிழிந்திருக்கும், எலி கடித்திருக்கும். லேபிளுக்கும் பாட்டு முடியும் இடத்துக்கும் நடுவே வழுவழுப்பான வளையத்தில் பொடியாக ஓர் எண் பொறித்திருக்கும். அதைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டால், அதே எண் தன்னிடம் இருக்கும் யாரோ ஒருவர் பாட்டைச் சொல்லிவிடுவார். "அண்ணே, டார்ச்சை இடது பக்கம் சாய்ச்சுப் பிடிச்சு இன்னொரு போட்டோ போடுங்கண்ணே" என்று பத்தொன்பது வயதுப் பையன் எழுபது வயதுக்காரரிடம் கேட்பதும், அவர் கேட்டபடி செய்வதும், ஊரில் நேரில் நடக்க வாய்ப்பில்லாத உரையாடல்.

தவறைத் தடுப்பது இரண்டாவது. 2020-இல் எல்லா வீட்டிலும் சானிட்டைசர் இருந்தது. தூசி படிந்த தட்டை அதால் துடைத்தால் பளபளக்கும் என்று சிலர் செய்து பார்த்தார்கள். 78 தட்டு அரக்கால் ஆனது. சானிட்டைசரில் இருப்பது ஆல்கஹால்; அரக்கு அதில் கரையும். துடைத்த பஞ்சில் கறுப்பு ஏறும்போதே தடம் அழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பின்னால் வந்த வினைல் தட்டுக்கு இந்த ஆபத்து இப்படி இல்லை. அதேபோல் 78 தட்டின் தடம் அகலம், எல்.பி. ஊசியை அதில் வைத்தால் ஊசி அடியில் உரசி இரைச்சல்தான் வரும். இந்த இரண்டு விஷயத்தையும் யாராவது ஒருவர் நேரத்துக்குச் சொன்னதால் பிழைத்த தட்டுகள் இருக்கின்றன. குழு இருப்பதன் பயனை ஒருவர் தன் கையில் உணரும் இடம் இது.

சாமானை உயிரோடு வைப்பது மூன்றாவது. மின்சாரமே காட்டாமல் மாதக்கணக்கில் கிடக்கும் ஆம்பில் கெப்பாசிட்டர்கள் கெடும். குடோனில் எலி வயரைக் கடிக்கும். வாரம் ஒரு நாள் எல்லோரும் சாமானை வெளியே எடுத்து, துடைத்து, குறைந்த சத்தத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டுப் படம் போடுவது என்ற வழக்கம் இதிலிருந்து வந்தது. திருவிழா இல்லாத மாதத்தில் அந்த நாளே திருவிழா ஆனது. நாள் குறிப்பது, அந்த நாளில் எல்லோரும் ஒரே வேலையைச் செய்வது, மற்றவர் பார்ப்பது: சாமி சாட்டுவதற்கும், அதாவது திருவிழாவுக்கு நாள் குறித்து ஊருக்கு அறிவிப்பதற்கும், இதற்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை.

விதிகளும் தேவைப்பட்டன. மிக முக்கியமானது சாதிப் பெருமைப் பாட்டும் கட்சிப் பாட்டும் கூடாது என்பது. தென்மாவட்டத்தில் யார் தெருவில் எந்தப் பாட்டு என்பது கைகலப்பு வரை போன விஷயம். குழாய் அப்பாவியான கருவி என்று யாரும் சொல்ல முடியாது. இந்த விதியைக் கறாராக வைக்காத குழுக்கள் இரண்டாகப் பிளந்தன. அடுத்தது விற்பனை. பழைய தட்டுக்குத் திடீரென்று மவுசு வந்ததும், முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்களும் வந்தார்கள். விற்பனைக்குத் தனிக்குழு, விற்பவர் தட்டை ஓடவிட்டு வீடியோ காட்ட வேண்டும் என்ற நிபந்தனை, இவை பணம் பறிபோன பிறகு வந்த விதிகள்.

குழாய்க்கு எதிரான நியாயம்

கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்று அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனை போடுவது நம் பக்கத்தில் வழக்கம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் நோயாளியும் இருக்கும் தெருவில் இந்த விதி சரியானது. குழாயை நேசிப்பவர்கள் இதற்கு எதிராக வாதாடத் தேவையில்லை. ஊரடங்குக் கூட்டம் கண்டுபிடித்ததே, குழாயை நாலு ஊருக்குக் கேட்கும்படி அலறவிடாமலும் நேசிக்கலாம் என்பதைத்தான். தோப்பில், பகலில், சின்ன ஆம்பில், இரண்டு குழாய். மீதி வேலையைப் போன் பார்த்துக்கொள்கிறது.

அழகர் திரும்பிய பிறகு

2022 ஏப்ரல் 16 அன்று அழகர் மறுபடி வைகையில் இறங்கினார். மைக்செட்காரர்கள் தொழிலுக்குத் திரும்பினார்கள், பையன்கள் திருப்பூருக்குத் திரும்பினார்கள். குழுக்களில் பேச்சு குறைந்தது; அது இயல்பு. வேலை இருந்த குழுக்கள் மட்டும் மெதுவான நடையில் தொடர்கின்றன. எண் கேட்டு ஒரு படம், யூனிட் சவ்வு எங்கே கிடைக்கும் என்று ஒரு கேள்வி, ஒரு மைக்செட்காரர் காலமானால் அவருடைய சாமான் பழைய இரும்புக் கடைக்குப் போவதற்குள் யாராவது நேரில் போக முடியுமா என்று ஓர் அழைப்பு.

இன்னும் செய்யாமல் கிடக்கும் வேலை ஒன்று இருக்கிறது. தட்டுகள் பல பிரதிகளாக அச்சானவை. ஒன்று உடைந்தால் இன்னொன்று எங்கோ இருக்கும். எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு, துக்க வீட்டில் எதில் தொடங்கி எதில் முடிப்பது, சாமி இறங்கும் முன் எவ்வளவு நேரம் அமைதி விடுவது என்பதெல்லாம் அச்சாகவில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதைப் பதிந்து ஏற்றினால் எந்தக் கண்டென்ட் ஐடியும் தடுக்காது. ஒரு போன், ஒரு மத்தியானம், பக்கத்தில் உட்கார ஒருவர் இருந்தால் அது முடியும். அடுத்த சித்திரைக்குள் தத்தம் ஊரில் ஒருவரையாவது பதிவு செய்யுங்கள் என்று குழுக்களில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.